லைசென்ஸ் காலாவதி, நீட்டிப்பு நிலுவை: போலீஸ் நிறுத்தினால்?

கேள்வி: டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் எச்1பி வேலை விசாவில் வேலை பார்க்கிறேன். விசா நீட்டிப்பு மனு நிலுவையில் இருக்கிறது. ஐ-94, அதாவது எந்தத் தேதி வரை இங்கே தங்கலாம் என்ற பதிவு, போன மாதம் முடிந்தது. லைசென்ஸும் அதே தேதியோடு முடிந்துவிட்டது. ரோட்டில் போலீஸ் நிறுத்தினால் குடியேற்ற அமலாக்கத் துறையான ஐஸிடம் ஒப்படைப்பார்களா?

பதில்: ஐ-94 முடியும் முன்பே மனு போயிருந்தால், அதே கம்பெனியில் 240 நாள் வரை வேலையைத் தொடரலாம். அந்த 240 நாள் லைசென்ஸைத் தானாக நீட்டித்துவிடாது. பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

டெக்சஸில் 2017-இல் வந்த எஸ்.பி. 4 சட்டப்படி, நிறுத்தி வைத்தவரிடம் குடியேற்ற நிலையைப் போலீஸ் கேட்கலாம். ஆனால் தகுந்த சந்தேகம் இல்லாமல், அபராத டிக்கெட் எழுதும் வேலை முடிந்த பிறகும் காக்க வைக்கக் கூடாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 2015 தீர்ப்பு.

அஞ்ச வேண்டியது கைதுக்குத்தான். காலாவதி லைசென்ஸுக்குப் பெரும்பாலும் டிக்கெட்டோடு விடுவார்கள். பிடித்துப் போகவும் அதிகாரம் உண்டு. சீட் பெல்ட் போடாததற்கே கைது செய்யலாம் என்ற 2001 தீர்ப்பு டெக்சஸ் வழக்கில் வந்ததுதான். கவுன்டி ஜெயிலில் எடுக்கும் விரல் ரேகை, எஃப்.பி.ஐ. வழியாக உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குத் தானாகவே போய்விடும். அங்கே ஐ-94 முடிந்தவர் என்று தெரிந்து ஐஸ் ‘டிடெய்னர்’, அதாவது பிடித்து வைக்கச் சொல்லும் கோரிக்கை, அனுப்பினால், ஜாமீன் கிடைத்த பிறகும் 48 மணி நேரம் வரை உள்ளே வைத்திருப்பார்கள்.

ஆகவே புது லைசென்ஸ் வரும்வரை வண்டியை எடுக்காதீர்கள். எச்4 குடும்ப விசாவில் இருக்கும் துணையின் லைசென்ஸ் தேதியையும் பாருங்கள். அதுவும் முடிந்திருக்க வாய்ப்பு அதிகம். மனு பெற்றதற்கான ஐ-797 ரசீதோடு, லைசென்ஸ் தரும் டி.பி.எஸ். ஆபீசுக்குப் போங்கள். குடியேற்ற நிலையைச் சரிபார்க்கும் ‘சேவ்’ கணினியில் உடனே பொருந்தாவிட்டால் கூடுதல் சரிபார்ப்புக்கு அனுப்புவார்கள், அன்றே முடியாது. அதனால் மனுவை பிரீமியம் என்ற விரைவுப் பரிசீலனைக்கு மாற்றும்படி கம்பெனி வக்கீலை இன்றே கேளுங்கள். 15 வேலை நாளுக்குள் முடிவோ கூடுதல் ஆவணம் கேட்டு நோட்டீஸோ வந்துவிடும். அடுத்த முறை 6 மாதம் முன்பே மனு போடலாம்.

ஐ-94 பிரின்டும் ரசீது நகலும் எப்போதும் பையில் இருக்கட்டும். 18 வயதும் அதற்கு மேலும் ஆன வெளிநாட்டவர் பதிவுச் சான்றை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். குடியேற்றக் கேள்வி வந்தால், வக்கீலைக் கேட்டுத்தான் பேசுவேன் என்று மரியாதையாகச் சொல்லலாம். ‘சிட்டிசன்’ என்று மட்டும் வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள், கிரீன் கார்டு வாய்ப்பே அடைபட்டுப் போகும். காரைச் சோதிக்க அனுமதி கேட்டால் மறுக்கலாம். ஜெயிலில் ஐஸ் அதிகாரி நீட்டும் எந்தத் தாளிலும் வக்கீல் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.