ஹாக்கி அணியின் பாட்டு: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குன்னூரில் நாங்கள் சிலர் சேர்ந்து இளைஞர்களுக்கான ஹாக்கி அணி ஒன்றை நடத்தி வருகிறோம். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் வேலர்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணிக்கு உரிய ட்ரம்பெட் இசையைக் கைபேசியில் கேட்ட எங்கள் பையன்கள், தங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்கிறார்கள். அந்த அணிக்கென்றே ஓர் இசையமைப்பாளர் அமைத்த பாட்டு அது என்று ஒருவர் சொன்னார். உண்மைதானா? எங்களுக்கும் நீங்கள் ஒரு பாட்டு எழுதித் தர வேண்டும்.

ஒரு வாசகர், குன்னூர்

அன்புள்ள நண்பருக்கு,

இசையமைப்பாளர் ஒருவர் இருந்தது உண்மை. அந்த அணிக்காக அவர் அமைத்தார் என்பது உண்மையல்ல. ஜாக் சே என்ற பெயரில் எழுதிய பெல்ஜியக்காரரான ழாக் இசாயி அதற்கு வைத்த பெயர் ‘ஈவினிங் பீட்’. வானொலிக்கோ தொலைக்காட்சிக்கோ பின்னணி தேவைப்படுவோர் கட்டணம் செலுத்தி எடுத்துக்கொள்ளும்படி முன்கூட்டியே பதிவு செய்து வைக்கப்படும் ஆயத்த இசை வகையைச் சேர்ந்தது அது. எழுபதுகளின் நடுவில் அந்த அணி அதை எடுத்துக்கொண்டது. ‘பிராஸ் பொனான்சா’ என்ற பெயர் அதற்குப் பிறகே ஒட்டிக்கொண்டது. அணி கோல் போட்டதும் அரங்கில் அது முழங்கும்.

அந்த அணி வென்று குவித்த அணியும் அல்ல. வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல் போட்டிகளில் 1979 முதல் 1997 வரை ஆடிய 18 பருவங்களில், பிளேஆஃப் எனப்படும் பருவ இறுதி வெளியேற்றுச் சுற்றில் ஒரு தொடரை அது வென்றது ஒரே ஒரு முறைதான், 1986-இல். 1992-இல் பொது மேலாளராக வந்த பிரையன் பர்க், ஆட்டக்காரர்களுக்கே கூச்சமாக இருக்கிறதென்று அந்த இசையை நிறுத்தினார். 1997-இல் அணியே வட கரோலினாவுக்குப் போய்ப் பெயரையும் மாற்றிக்கொண்டது. அப்படியிருந்தும், 2018 டிசம்பரில் அந்தப் புதிய அணி ஒரு நாள் பழைய பச்சைச் சட்டையணிந்து ஆடியபோது, ஒவ்வொரு கோலுக்கும் அதே ட்ரம்பெட்டுகள்தான் ஒலித்தன. மேலாளருக்குப் பிடிக்காத ஒன்றை விசிறிகள் விடாமல் வைத்துக்கொண்டார்கள் என்பதை நான் ரசிக்கிறேன்.

ஆகவே பிறப்பு வேறு, உரிமை கொண்டாடுதல் வேறு என்பது என் கருத்து. நீலகிரிக்காரர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்க முடியாது. படகர்களின் சாவுச் சடங்குகளுக்குக் கோத்தர்கள் வந்து குழலும் கொம்பும் பறைகளும் இசைத்த காலம் இருந்தது. வாசித்தவர்கள் வேறு சமூகத்தார் என்பதால் அந்த இசை படகரின் துக்கத்துக்கு அந்நியமாகிவிடவில்லை. மெட்டு எங்கே பிறந்தது என்பதைவிட, எந்தத் தருணத்தில் திரும்பத் திரும்ப ஒலித்தது என்பதே அது யாருடையது என்பதைத் தீர்மானிக்கிறது.

இதனால்தான் பாட்டெழுத நான் உடன்படவில்லை. ‘வீரம்’, ‘வெற்றி’, ‘மலைமகன்’ என்று நான் அடுக்கக்கூடிய சொற்கள் இரண்டாவது ஆட்டத்திலேயே பையன்களுக்குச் சலித்துவிடும். சொல்லே இல்லாத, பத்து நொடிக்கு மேற்படாத ஒரு மெட்டு போதும். உங்கள் பகுதியில் திருமணத்துக்கு ட்ரம்பெட் வாசிப்பவர் எவராவது இருப்பார், அவரிடம் கேளுங்கள். வாசித்ததை கோல் விழும்போது மட்டும் ஒலிக்கவிடுங்கள். தோற்கும் ஆட்டத்தில் ஒரே ஒரு கோல் விழுந்தாலும் தவறவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே முடித்துவிடுங்கள். கனடாவின் அரசு ஒலிபரப்பு நிறுவனமான சிபிசி, டோலோரஸ் கிளாமன் 1968-இல் அமைத்த மெட்டைத் தன் ஹாக்கி ஒளிபரப்பின் முகப்பிசையாக நாற்பது ஆண்டுகள் வைத்திருந்தது. நாட்டின் இரண்டாவது தேசிய கீதம் என்று மக்கள் வேடிக்கையாகச் சொல்லும் அளவுக்கு அது பரவியது. 2008-இல் உரிம ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போகவே, போட்டித் தொலைக்காட்சியான சிடிவி அதை விலைக்கு வாங்கிக்கொண்டது. வாசிப்பவருக்குப் பணம் கொடுத்து, மெட்டை அணி எப்போதும் பயன்படுத்தலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.