பங்கர்வாலாவிடம் போட்டால் கார்பன் கணக்கு பூஜ்யமா?

கேள்வி: தாராவி 90 அடி சாலைப் பக்கம் எட்டுப் பேரை வைத்து முறுக்கு, மிக்சர் செய்து விற்கிறேன். மாதம் 120 கிலோ வெள்ளிக் கவர், 300 கிலோ அட்டைப்பெட்டி செலவாகிறது. எங்களிடம் சரக்கெடுக்கும் பெரிய ஸ்டோர், பேக்கிங் கழிவின் கார்பன் தடத்தை (அதனால் காற்றில் கலக்கும் வெப்ப வாயுவின் அளவை) கேட்டுப் படிவம் அனுப்பியிருக்கிறது. ஓர் ஆலோசகர், 85,000 ரூபாய் கொடுத்தால் ‘கார்பன் நியூட்ரல்’ சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்கிறார். எங்கள் கழிவெல்லாம் பழைய சாமான் வாங்கும் பங்கர்வாலாவுக்குத்தான் போகிறது. பூஜ்யம் என்று எழுதிவிடலாமா?

பதில்: எழுதாதீர்கள், சகோதரி. அந்த 85,000-ஐயும் கொடுக்காதீர்கள்.

பங்கர்வாலா எடுத்துப் போவது உங்கள் பட்டறையில் விழுகிற கழிவை மட்டும்தான்: வெட்டுத்துண்டு, சீல் சரியாக விழாத கவர், சரக்கு வந்த பெட்டி. 120 கிலோ கவரில் பெரும்பகுதி முறுக்கோடு வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய், அங்கே குப்பைத்தொட்டியில் விழுகிறது. ஸ்டோரின் படிவத்தில் இவை இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கும். ஒரு நிறுவனத்துக்கு வெளியே, அதன் தொழிலால் வரும் கார்பனை ஸ்கோப் 3 என்பார்கள். பட்டறைக் கழிவு அதில் 5-ஆம் வகை, விற்ற பொருளின் கவர் 12-ஆம் வகை. பலர் முதலாவதை மட்டும் நிரப்பிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். கவரைத் தயாரிக்கும்போது வந்த கார்பன் வேறொரு வகை, அதை இதில் சேர்க்க வேண்டாம்.

கணக்கு கடினமில்லை. எடையை, அந்தப் பொருள் போய்ச்சேரும் முறைக்கான கிலோவுக்கு இத்தனை என்ற எண்ணால் பெருக்கினால் போதும். எந்த எண்ணை எடுக்கிறோம் என்பதில்தான் ஏமாற்று நடக்கிறது.

வெள்ளிக் கவரைப் பாருங்கள். பெரும்பாலும் 12 மைக்ரான் பெட் (தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்) படலத்தில் அலுமினியப் பூச்சு, அதன் மேல் 50 மைக்ரான் அளவில் பாலித்தீன். பாலித்தீனில் எடையில் 86 சதவீதம் கார்பன், பெட்டில் 62.5. எரிந்தால் இந்தக் கவர் கிலோவுக்குச் சுமார் 2.9 கிலோ கார்பன் டை ஆக்சைடு தரும். மாதம் 120 கிலோவும் எரிந்தால் கிட்டத்தட்ட 350 கிலோ. குப்பை மேட்டில் எரியாமல் கிடந்தால் ஏறக்குறைய ஒன்றுமில்லை, பிளாஸ்டிக் அங்கே மக்காது. ஆனால் 2016 ஜனவரியில் மும்பையின் தேவ்னார் குப்பை மேடு எரிந்தபோது அந்தப் புகை செயற்கைக்கோள் படத்திலேயே தெரிந்தது. ஆகவே ஒரே எண்ணாக எழுதாமல், எல்லாம் கிடந்தால் இவ்வளவு, எல்லாம் எரிந்தால் இவ்வளவு என்று இரண்டையும் எழுதுங்கள்.

இதை ‘மறுசுழற்சி’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். பாலித்தீன் 110 முதல் 130 டிகிரியில் உருகிவிடும், பெட்டுக்கு 250 வேண்டும். இரண்டும் ஒட்டிய படலத்தை, பிளாஸ்டிக்கை உருக்கிக் குருணையாக்கும் மெஷினில் விட்டால் பெட் உருகாமல் துகளாக நின்று வலையை அடைத்துவிடும். தாராவியின் மறுசுழற்சிப் பகுதியான 13 கம்பவுண்டில் பிளாஸ்டிக் பிரிக்கிறவர்களைக் கேளுங்கள். நசுக்கும்போது வரும் சத்தத்தையும் கொளுத்தும்போது வரும் வாசனையையும் வைத்தே ரகத்தைச் சொல்லிவிடுவார்கள், வெள்ளிக் கவரைக் கண்டால் ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். சிமெண்ட் ஆலைக்கு எரிபொருளாக அனுப்புவதும் எரிப்புதான்.

அட்டைப்பெட்டி வேறு விதம். காய்ந்த, சுத்தமான பெட்டி காசாகிறது, அதனால் நிச்சயம் ஆலைக்குப் போய்ச்சேரும். அங்கே கூழாக்கச் செலவாகும் மின்சாரம், எரிபொருளின் கார்பன் அந்தப் புதுக் காகிதத்தை வாங்குகிறவர் கணக்கில் சேரும். உங்களுக்கு வண்டி ஓடிய கார்பன் மட்டும். வாப்பியில் உள்ள காகித ஆலைக்கு 10 டன் லாரியில் போய்வருவது சுமார் 340 கிலோமீட்டர், டீசல் லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. உங்கள் 300 கிலோவில் 30 வீணாகி மீதி 270 கிலோ போனால், அதன் பங்கு ஆறேழு கிலோதான் வரும். இந்த ஆறு கிலோவை மூன்று தசம இடம் வரை கணக்கிட்டு, எரிகிற கவரை விட்டுவிடும் அறிக்கைகளை எத்தனையோ பார்த்துவிட்டேன்.

ஆனால் ஒன்று. எண்ணெய் ஊறிய பெட்டியையும், மழையில் நனைந்து தொய்ந்த பெட்டியையும் யாரும் எடுக்க மாட்டார்கள். அவை மேட்டுக்குப் போகும். அங்கே அட்டை மக்கி மீத்தேன் தரும், அது கார்பன் டை ஆக்சைடைவிட 28 மடங்கு வெப்பம் பிடிப்பது. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் பொது எண்களை வைத்தால், வாயுவைப் பிடிக்கும் ஏற்பாடு இல்லாத ஆழமான மேட்டில் ஒரு கிலோ அட்டைக்குச் சுமார் 3 கிலோ வரும். மெதுவாகப் பல வருடங்களில் வெளிவந்தாலும் மொத்தத்தையும் இந்த வருடக் கணக்கிலேயே எழுத வேண்டும். அந்த 30 கிலோ வீணானால் 90 கிலோ! நல்ல நிலையில் போன 270 கிலோவைப்போல் பத்து மடங்குக்கு மேல். அதனால் ஜூன் பிறக்கும் முன் பெட்டிகளைத் தரையிலிருந்து ஒரு பலகை உயரம் ஏற்றி வையுங்கள். எண்ணெய் பட்டதை முதலிலேயே தனியாகப் போட்டால் மற்றவை கெடாது. காகிதத்துக்கு மாறினால் கார்பன் குறையும் என்று உங்களிடம் சொல்கிறவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இனி அந்த ஆலோசகர். இங்கிலாந்து அரசு வருடாவருடம் வெளியிடும் அட்டவணையில் மறுசுழற்சிக்கான எண் ஆலை வாசல் வரையிலான போக்குவரத்து மட்டும். அமெரிக்காவின் ‘வார்ம்’ என்ற கழிவுக் கணக்கு முறையிலோ, புதுப் பொருள் செய்யாமல் மிச்சமானதைக் கழித்துவிடுவார்கள், எண் மைனஸில் வரும். இரண்டையும் கலந்தால் எந்த நிறுவனத்தையும் நியூட்ரல் ஆக்கிவிடலாம். எந்த அட்டவணை, எந்த வருடம், எது உள்ளே, எது வெளியே என்று எழுத்தில் கேளுங்கள். தடுமாறினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

‘பிளாஸ்டிக் கிரெடிட்’ என்று ஒன்றையும் நீட்டுவார். ஈபிஆர் என்பது, விற்ற பிளாஸ்டிக்கின் கழிவுக்கு விற்றவரே பொறுப்பேற்கும் கடமை. அதற்கான சான்றிதழ் எடைக்கானது, அதில் கார்பன் அளவு கிடையாது. உத்யம் என்ற அரசுப் பதிவில் உள்ள குறு, சிறு நிறுவனமாக இருந்து உங்கள் பிராண்டில் பேக் செய்து விற்கிறீர்கள் என்றால், 2022 விதிகளின்படி அந்தக் கடமையும் உங்களுக்கு இல்லை. போதாததற்கு, 2023-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே லட்சக்கணக்கான போலிச் சான்றிதழ்களைக் கண்டுபிடித்தது. வேறிடத்தில் குறைத்த கார்பனுக்காக விலைக்கு வாங்கிய ஈட்டுக் கிரெடிட்டை உங்கள் தடத்திலிருந்து கழிக்கக் கூடாது, தனியாகத்தான் காட்ட வேண்டும்.

ஸ்டோர்மேல் எனக்குக் கோபம் உண்டு. பங்குச் சந்தையில் பட்டியலான பெரிய நிறுவனங்களிடம், சந்தையைக் கண்காணிக்கும் செபி சுற்றுச்சூழல் அறிக்கை கேட்கிறது, அவர்கள் அந்தச் சுமையை எட்டுப் பேர் பட்டறையின் தலையில் இறக்குகிறார்கள், படிவம் முழுக்க ஆங்கிலத்தில். மறுசுழற்சி, நிலநிரப்பு, எரிப்பு என்று மூன்று தேர்வுகள் வைக்கிறார்கள். மும்பையில் ஒரு கவர் எங்கே முடிகிறது என்று தெரிந்தவர் அந்தப் படிவத்தை எழுதியிருக்க மாட்டார். உங்களுக்கு எண் கொடுக்க வேண்டியதே அவர்கள்தான், நகரம் முழுக்கக் கடை வைத்திருக்கிறார்கள் அல்லவா!

சரி, இப்போது செய்ய வேண்டியது. கவர், அட்டை இரண்டுக்கும் கொள்முதல் பில்லில் உள்ள எடையை எடுங்கள். பங்கர்வாலா எடுக்கும்போது தராசில் நிறுத்து, ரகம், கிலோ, தேதி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பில் கேட்டால் முகம் சுளிப்பார், கையெழுத்துப் போடத் தயங்க மாட்டார். படிவத்தில் கவருக்கு இரண்டு எண், அட்டைக்கு இரண்டு வரி, எடுத்த எண்களின் மூலம், அனுமானம் என்று கீழே எழுதிவிடுங்கள். ‘இந்த எண்ணை ஏற்க மாட்டோம்’ என்று ஸ்டோர் சொன்னால், எந்த எண்ணை ஏற்பார்கள் என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.