திசுவிடம் கேட்கும் சோதனை: கால்நடை நோயறிதல் கேள்வி-பதில்

கேள்வி: கடித்த நாய் இறந்துவிட்டது. மூளையை ஃபார்மலினில் (திசு கெடாமல் பதப்படுத்தும் திரவம்) போட்டுவிட்டார்கள். இனி ரேபிஸ் சோதனை செய்ய முடியாதா?

பதில்: முடியும். ஆனால் கடிபட்டவர் முடிவுக்காகக் காத்திருக்கவே கூடாது. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

வழக்கமான ஒளிர் ஆன்டிபாடி சோதனைக்குப் பதப்படுத்தாத மூளைதான் ஏற்றது. ஃபார்மலினில் கிடந்த மூளைக்கு இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி என்ற நிறமேற்றச் சோதனை கைகொடுக்கும். வைரஸ் புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியை மெல்லிய திசுச் சீவலின் மேல் விடுவோம். அது ஒட்டிய இடத்தில் ஒரு நொதி நிறத்தைப் படியவைக்கும். வெளிர்நீலத் திசுவில், நரம்புச் செல்களுக்குள் பழுப்புத் துகள்கள் திட்டுத்திட்டாகத் தெரியும். நெக்ரி உடலங்கள் (ரேபிஸ் தாக்கிய நரம்புச் செல்களுக்குள் நுண்ணோக்கியில் தெரியும் உருண்டைகள்) கண்ணில் படாத மூளையிலும் இப்படி வைரஸைக் கண்டுபிடித்துவிடலாம். மாதிரியில் மூளைத்தண்டும் சிறுமூளையும் இருக்க வேண்டும். அவை இல்லாமல் வரும் 'நெகட்டிவ்' முடிவை நான் நம்பமாட்டேன்.

கேள்வி: தடுப்பூசி போட்ட சில நாளில் நாய்க்குட்டி கழிச்சலில் இறந்தது. பிசிஆரில் (வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனை) பார்வோ (குடலைத் தாக்கும் வைரஸ்) 'பாசிட்டிவ்'. தடுப்பூசிதான் காரணமா?

பதில்: அவசரப்பட்டு அப்படி முடிவுகட்டாதீர்கள். உயிருள்ள தடுப்பூசி வைரஸ் சில நாள்கள் மலத்தில் வெளிவரும்; பிசிஆர் அதையும் பிடித்துவிடும். குடலின் நுண்குழிச் செல்கள் அழிந்திருந்து, அதே இடத்தில் வைரஸ் புரதமும் நிறமேறினால், இறப்புக்குக் காரணம் பார்வோதான். அது வெளியிலிருந்து தொற்றியதா, தடுப்பூசியில் இருந்ததா என்பதை மரபணுச் சோதனைதான் சொல்லும். பெரும்பாலும் ஊசிக்கு முன்பே தொற்று நுழைந்திருக்கும்.

கேள்வி: என் நாய்க்கு லிம்போமா (நிணநீர்ச் செல்களில் வரும் புற்றுநோய்) என்று தெரிந்துவிட்டது. மறுபடியும் எதற்கு ஒரு நிறமேற்றம்?

பதில்: வகை தெரிய வேண்டும். சிடி3 என்ற புரதம் நிறமேறினால் டி செல், சிடி20 என்ற புரதம் நிறமேறினால் பி செல்; இரண்டும் வெள்ளையணு வகைகள். நாய்களில் பரவலாகக் காணும் தீவிர லிம்போமாவில், பி செல் வகை பொதுவாகச் சிகிச்சைக்கு நன்றாக இணங்கும். நாயோடு எத்தனை காலம் இருக்கப்போகிறோம் என்று நினைத்துத் தவிக்கும் குடும்பத்துக்கு இந்தத் தகவல் பெரிது. செலவுக்குத் தகும்.

கேள்வி: மாதிரியை எப்படி அனுப்புவது?

பதில்: அரை சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல் போகாமல் வெட்டி, திசுவைப்போல் பத்து மடங்கு அளவு 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில் போடுங்கள். உறையவைக்காதீர்கள். வாரக்கணக்கில் ஊறவிட்டால் புரதங்கள் பிணைந்து இறுகி, ஆன்டிபாடி ஒட்ட வேண்டிய இடம் மறைந்துவிடும். ஓரிரு நாளில் ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள்.