ஓதம் ஏறிய சுவரும் ஒழுகும் மாடியும்

பழைய வீட்டைப் பழுது பார்ப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

எங்கள் வீடு தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் கட்டு. கூடத்துச் சுவரின் அடிப்பக்கம் உதிர்ந்ததால் இரண்டு வருஷத்துக்கு முன் மூன்றடி உயரத்துக்கு சிமெண்ட் பூசினோம். இப்போது அதற்கும் மேலே ஈரம் ஏறி, வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. வாட்டர்ப்ரூஃப் கெமிக்கல் அடிக்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

அடிக்காதீர்கள். இருக்கிற கோளாறு இன்னும் ஒரு முழம் மேலே ஏறும், அவ்வளவுதான்.

அந்தக் காலத்து அஸ்திவாரத்தில் ஈரத்தடுப்பு எதுவும் கிடையாது. மண்ணில் இருக்கும் ஈரம் செங்கல் வழியாக ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும், வெயிலில் காய்ந்துபோகும். சிமெண்ட் பூசியதும் அந்த வழி அடைபட்டது. வெளியேற இடம் தேடி ஈரம் பூச்சுக்கு மேலே ஏறிவிட்டது. ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லின் முகத்தையே மாவாக்கிக்கொண்டிருக்கும். தட்டிப் பாருங்கள், ‘டொக் டொக்’ என்று பொள்ளல் சத்தம் கேட்கும்.

முதலில் வெளிப்பக்கம் போய்ப் பாருங்கள். தெரு உயர்ந்து மண் மேடு சுவரைத் தொடுகிறதா, மாடித் தண்ணீர் சுவரடியில் விழுகிறதா, சுவரை ஒட்டி சிமெண்ட் தளம் போட்டிருக்கிறார்களா? வெளித்தரை உள்தரையைவிட அரையடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். இதைச் சரிசெய்யாமல் உள்ளே எந்தப் பூச்சு பூசினாலும் காசுதான் நஷ்டம்.

பிறகு சிமெண்ட் பூச்சை, ஈரம் தெரியும் கோட்டுக்கு மேல் ஒன்றரை அடி வரை கொத்தி எடுங்கள். பிரேக்கர் மெஷின் வேண்டாம்; பழைய செங்கல் மெலிசு, சுண்ணாம்புக் கட்டும் மெத்தென்று இருக்கும், அதிர்ச்சியில் கல்லே ஆடிவிடும். சிறிய உளியும் சுத்தியலும் போதும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கும் கலவையை முக்கால் அங்குலம் சுரண்டி எடுத்து, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் துடையுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். ஒரு கோடை முழுக்கச் சுவர் திறந்தே கிடக்கட்டும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் எல்லாரும் அவசரப்பட்டுக் கெடுப்பது இந்த இடத்தில்தான்.

சுண்ணாம்பு விஷயத்துக்கு வருவோம். சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் இருக்கும் தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். கண்ணாடி போடாமல் யாரையும் கிட்டே விடாதீர்கள். நீர்த்ததைச் சல்லடையில் சலித்து, தண்ணீருக்கடியில் குறைந்தது மூன்று வாரம் ஊறவையுங்கள், மாதக்கணக்கில் ஊறினால் இன்னும் நல்லது. சலிக்காமல் விட்ட நீர்க்காத கட்டி சுவருக்குள் போய், ஆறு மாதம் கழித்து ஈரம் பட்டு நீர்த்து உப்பும். அப்போது பூச்சில் காசளவு பொட்டுப் பொட்டாகத் தெறித்து விழும்.

முதல் பூச்சுக்குச் சுண்ணாம்பு 1 பங்கு, கரடான மணல் 3 பங்கு. ஈரம் அதிகமுள்ள சுவர் என்றால் மணலில் ஒரு பங்கைக் குறைத்து, அதற்குப் பதில் நன்றாகப் பொடித்த செங்கல் தூள் சேருங்கள். இறுக்கம் சீக்கிரம் வரும். ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் கனம் வேண்டாம். பூசுவதற்கு முந்தின நாளும் அன்று காலையிலும் சுவரை நனையுங்கள். பூசிய பின் மயிர் வெடிப்பு தெரிந்தால் பயப்பட வேண்டாம், இறுகுவதற்குள் மணியாசுக் கட்டையால் (பூச்சைத் தேய்க்கும் மரப்பலகை) அழுத்தித் தேய்த்தால் மூடிக்கொள்ளும். குறுக்கும் நெடுக்கும் கீறல் போட்டு, கட்டைவிரல் நகம் அழுந்தாத பதம் வரும்வரை காத்திருங்கள்; பெரும்பாலும் இரண்டு வாரம் ஆகும். அதுவரை ஈரச் சாக்கு மறைப்பு வேண்டும். மேல்பூச்சு சன்ன மணலில் 1க்கு 2.

ஓர் எச்சரிக்கை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டுக் குழைத்த கலவையில், “சீக்கிரம் பிடிக்கட்டும்” என்று ஒரு சட்டி சிமெண்ட்டைக் கலப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. சர்க்கரைச் சத்து சிமெண்ட்டை இறுகவே விடாது. சுண்ணாம்பும் கெட்டு, சிமெண்ட்டும் கெட்டு, இரண்டுக்கும் நடுவில் மண்ணாக உதிரும்.

கடைசியில் வால் புட்டியோ எமல்ஷனோ வேண்டாம். பால் பதத்தில் கரைத்த சுண்ணாம்பு மூன்று கோட் அடித்தால் போதும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து வழவழப்பாகத் தேய்க்கும் செட்டிநாட்டு முட்டைப் பூச்சு ஆசை இருந்தால் ஈரம் ஏறாத மேல்சுவரில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் மாடி, நாலைந்து இடத்தில் ஒழுகுகிறது. மேலே நான்கு அங்குலம் கான்கிரீட் போட்டுவிட்டால் நூறு வருஷத்துக்குக் கவலையில்லை என்கிறார் மேஸ்திரி.
– வாசகி, திருவல்லிக்கேணி

ஒரு கணக்குப் போடுவோம். நான்கு அங்குலக் கான்கிரீட் ஒரு சதுர அடிக்குச் சுமார் 22 கிலோ. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு 2,600 கிலோவைத் தாண்டும். இவ்வளவும் ஏற்கெனவே செங்கல்லையும் சுருக்கியையும் (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்த தளம்) சுமக்கும் தேக்குக் கட்டைகளின் தலையில் ஏறும். அதன் முனைகள் சுவருக்குள் மக்கியிருந்தால் என்ன ஆகும் என்று மேஸ்திரியிடமே கேளுங்கள்.

முதலில் கீழே இருந்து பாருங்கள். கட்டை சுவருக்குள் நுழையும் இடத்தில் மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். கால் அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்தக் கட்டைக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் மேல்வேலை. மக்கிய முனையை மட்டும் வெட்டி, இரு பக்கமும் இரும்புத் தகடு வைத்துப் போல்ட் போட்டு நீட்டிக்க நல்ல ஆசாரியால் முடியும். முழுக் கட்டையையும் மாற்றச் சொல்பவர் பெரும்பாலும் பழைய தேக்கின் மேல் கண் வைத்தவர்.

ஒழுகும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்காது. தண்ணீர் சுருக்கிக்குள் நடந்துபோய் வேறெங்கோ இறங்கும். மாடியில் தண்ணீர் கட்டிப் பார்க்காதீர்கள், மரக் கூரைக்கு அது ஆபத்து. தாழ்வான பக்கத்திலிருந்து தொடங்கி, ஒரு நாளைக்கு இரண்டடிப் பட்டையாகக் குடத்தால் ஊற்றிக்கொண்டே மேலே போங்கள். கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையிலும், தண்ணீர் வெளியேறும் தூம்பு வாயிலும்தான் பெரும்பாலும் மாட்டும். அங்கே தட்டோட்டின் (மாடியின் மேல் பதித்த தட்டை ஓடு) இடுக்குகளைச் சுரண்டி, சுண்ணாம்பும் செங்கல் தூளும் அரைத்த கலவையால் அடையுங்கள். மூலையைச் செங்குத்தாக விடாமல் உள்வளைவாகப் பூசுங்கள்.

தட்டோடு பாதிக்கு மேல் பொள்ளலாக இருந்தால்தான் சுருக்கியைப் புதிதாகப் போட வேண்டியிருக்கும். பழையதை முழுக்க எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும், அதன் மேலேயே அல்ல. பொதுப்பணித்துறைக் கணக்குப்படி 32 கன அடி செங்கல் ஜல்லிக்கு 12½ கன அடி நீர்த்த சுண்ணாம்பு, மணல் கிடையாது. நான்கு அங்குலம் பரப்பி, மரக்கட்டையால் அடித்து மூன்றாக இறுக்க வேண்டும். கட்டை பதியாமல் எகிறும்வரை அடி நிற்கக்கூடாது. இந்த அடியில்தான் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். தை, மாசி இதற்கு ஏற்ற மாதங்கள்.

தேக்கு நிலைக்கதவில் ஏழெட்டுக் கோட் எனாமல் பெயிண்ட். மெஷின் வைத்துத் தேய்க்கலாமா?
– வாசகர், காரைக்குடி

கூடாது. பழைய எனாமலில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உலர்ந்தபடி தேய்த்தால் அந்தத் தூள் குழந்தைகள் விளையாடும் தரையில் படியும். பெயிண்ட் ரிமூவரைத் தடவி, பத்து இருபது நிமிடத்தில் நுரைத்து எழும்பியதும் மழுங்கிய பட்டையால் வழியுங்கள். சிற்பத்தின் இடுக்குக்கு மூங்கில் சிம்பும் பழைய டூத் பிரஷும். காஸ்டிக் சோடா மலிவாகக் கிடைக்கும். ஆனால் தேக்கைக் கறுக்கடித்து மூட்டுகளையும் தளர்த்திவிடும்.

மரம் தெரிந்ததும் டர்பன்டைனால் துடைத்து, ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் சம அளவு கலந்து தடவுங்கள். இருபது நிமிடம் கழித்து, மரம் குடித்தது போக மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். விட்டால் பிசுபிசுவென்று தூசி ஒட்டும். நாளுக்கு ஒன்றாக மூன்று கோட். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயவிட்டு எறியுங்கள். அரக்குப் பாலிஷ் வெளிக்கதவுக்கு ஆகாது. சாரல் பட்டால் வெளுத்துவிடும்.

ஆத்தங்குடிக் கல் பதினைந்து உடைந்திருக்கிறது. புதிது வாங்கினால் நிறம் சேரவில்லை.
– வாசகி, தேவகோட்டை

சேராது. பழையது பல வருஷம் கால் பட்டு மெருகேறியது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பத்தாயத்துக்கு அடியிலோ பின்கட்டு அறையிலோ இருக்கும் பழைய கல்லைப் பெயர்த்துக் கூடத்தில் பதியுங்கள். புதியதை அந்த இடத்துக்குக் கொடுங்கள். பெயர்க்கும்போது உடைந்த கல்லின் நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் கொத்தினால் பக்கத்துக் கல் தப்பும். கனத்தை அளந்துவிட்டு வாங்குங்கள், புதியது மெலிசாக இருந்தால் அடியில் கலவையைக் கூட்டிக்கொள்ளலாம். ஆசிட் மட்டும் தொடவே வேண்டாம். அது சிமெண்ட் கல், மேல்முகமே அரித்துப்போகும்.

சுண்ணாம்பு வேலைக்குச் சதுர அடிக் கணக்கா, நாள் கூலியா?
– வாசகர், மதுரை

பூச்சுக்கு நாள் கூலிதான். சதுர அடிக்குப் பேசினால் இரண்டு வாரக் காத்திருப்பு இரண்டு நாளாகச் சுருங்கும். முன்பணம் கொடுப்பதற்கு முன், பின்கட்டுச் சுவரில் மூன்றுக்கு மூன்றடி மாதிரி பூசச் சொல்லி, அந்த நாளுக்குரிய கூலியைக் கொடுத்துவிடுங்கள். ஒரு மாதம் கழித்து உள்ளங்கையால் தேயுங்கள். மாவு ஒட்டினால் வேறு கொத்தனார்.