பிரவுசரை மூடினாலே வாட்ஸ்அப் வெப் லாகவுட் ஆவது ஏன்?

குரோமை மூடித் திறந்தால் ஒவ்வொரு முறையும் கியூஆர் கோடு கேட்கிறது, போனில் நெட் நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் போனை நோண்ட வேண்டாம். இந்தக் கணினிக்கான என்கிரிப்ஷன் சாவிகள் (செய்திகளைப் பூட்டித் திறக்கும் ரகசியக் குறியீடுகள்) பிரவுசருக்குள்ளேதான் சேமிக்கப்படுகின்றன. மூடும்போது அவை அழிந்தால் போனுடனான லிங்க்கும் போய்விடும்.

மூடியதும் எல்லாவற்றையும் அழித்துவிடும் இன்காக்னிட்டோ விண்டோவில் திறந்தால் இப்படித்தான் ஆகும். சாதாரண விண்டோ என்றால் குரோம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் சைட் செட்டிங்ஸ் போய், கீழே அடிஷனல் கன்டென்ட் செட்டிங்ஸில் ஆன்-டிவைஸ் சைட் டேட்டாவைப் பாருங்கள். எல்லா விண்டோவையும் மூடியதும் டேட்டாவை அழிக்கும் தேர்வு அங்கே ஆனில் இருந்தால் மாற்றுங்கள். அந்தத் தேர்வை ஆஃப் செய்ய மனமில்லையா? அதே பக்கத்தில் வாட்ஸ்அப் வெப் முகவரியை மட்டும் விதிவிலக்காகச் சேர்க்கலாம்.

செட்டிங் சரியாக இருந்தும் தொல்லை தொடர்ந்தால், கணினியைச் 'சுத்தம்' செய்யும் மென்பொருள் ஏதாவது ஓடுகிறதா பாருங்கள். பெரும்பாலும் அதுதான் குற்றவாளி. அதில் குக்கீஸ், சைட் டேட்டா டிக்கை எடுத்துவிடுங்கள்.

திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்ததால் போனின் லிங்க்டு டிவைசஸ் பட்டியலில் பழைய குரோம் பதிவுகள் தங்கியிருக்கலாம். 4 கருவிகள்தான் வரம்பு. தேவையில்லாததை லாகவுட் செய்துவிட்டுப் புதிதாக இணையுங்கள். போனில் 14 நாட்களுக்கு மேல் வாட்ஸ்அப்பைத் திறக்காவிட்டாலும் லிங்க் தானாக அறுந்துவிடும்.