மெமோ, டிரான்ஸ்பர், சஸ்பென்ஷன்: தலைமை ஆசிரியர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

உசிலம்பட்டிப் பக்கம் பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்து, ஹெச்.எம். ஆகி, கடைசியில் மாவட்டக் கல்வி அலுவலராக ஓய்வு பெற்றவன் நான். மெமோ வாங்கியும் இருக்கிறேன், கொடுத்தும் இருக்கிறேன். பள்ளிப் பொறுப்பில் இருந்து அடி வாங்கியவர்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். வந்த கேள்விகளில் ஆள், பள்ளி தெரியும்படி இருந்ததை எல்லாம் எடுத்துவிட்டேன்.

மேலூர்ப் பக்கம் ஒரு ஹெச்.எம்.: சார், பத்தாம் வகுப்பில் இந்த வருடம் 23 பேர் எழுதி 2 பேர் பெயில். போன வருடம் நூறு சதவீதம். ரிவ்யூ மீட்டிங்கில் திரையில் என் பள்ளிப் பெயரைச் சிவப்பில் போட்டு, மைக்கில் கூப்பிட்டு எழுந்து நிற்க வைத்தார்கள். அதிலிருந்து சரியாகத் தூக்கமில்லை.

23இல் இரண்டு பேர் என்றால் 91.3 சதவீதம். 230 பேர் எழுதுகிற பள்ளியில் அதே இரண்டு பேர் பெயிலானால் 99-ஐத் தாண்டும், அந்த ஹெச்.எம்.முக்குப் பொன்னாடை. இந்தக் கணக்கை மீட்டிங்கில் சொன்னால் சாக்கு என்பார்கள், சொல்லாதீர்கள், ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். மேடையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்கிறேன், மைக்கில் பேசியவரும் முந்தின நாள் வீடியோ கான்பரன்ஸில் மாவட்ட ரேங்க் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். அதனால் அவர் செய்தது சரியாகிவிடாது. ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னது இல்லை அது, ஒரு தாளைப் பார்த்துச் சொன்னது.

அந்த இரண்டு பிள்ளைகள் யார், எந்தப் பாடத்தில் போனார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? உங்கள் கேள்வி நீளமாக இருந்தது, அதில் இது மட்டும் இல்லை. ஒருத்தன் செங்கல் சூளைக்கோ, திருப்பூருக்கோ போவதற்கு முன் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஜூலையில் துணைத்தேர்வு இருக்கிறது. விண்ணப்பத்தை நீங்களே உட்கார்ந்து போடுங்கள், கணக்கு என்றால் கணக்கு டீச்சரைக் காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக வரச் சொல்லுங்கள், வர மறுத்தால் நீங்களே எடுங்கள். அதற்கு அப்புறமும் தூக்கம் வரவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள், வேறு பேசலாம்.

வாடிப்பட்டியிலிருந்து: எனக்கு 17(பி) குற்றச்சாட்டு மெமோ வந்திருக்கிறது. கை நடுங்குகிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் எந்த விதி என்று மறுபடி பாருங்கள். 17(ஏ) என்றால் கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் போன்ற சிறு தண்டனையோடு முடியும். 17(பி) பெரிது, விசாரணை அதிகாரி போட்டு விசாரிப்பார்கள், வேலையைப் பறிக்கும் வரை போக இடமுண்டு, அது நிலுவையில் இருக்கும் வரை பதவி உயர்வுப் பட்டியலிலும் பெயர் ஏறாது. பயமுறுத்தச் சொல்லவில்லை. இதை லேசாக எடுத்துக்கொண்டு 'யாரையாவது பார்த்துச் சரிசெய்துவிடலாம்' என்று மதுரைக்கும் சென்னைக்கும் அலைந்து, பதில் கொடுக்க வேண்டிய தேதியைக் கோட்டை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வாங்கிய தேதியைக் குறித்துக் கையெழுத்துப் போடுங்கள். அன்று ராத்திரியே பதில் எழுதாதீர்கள். குற்றச்சாட்டுக்கு ஆதாரமான ஆவணங்களைப் பார்வையிட வேண்டும், நகல் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், கால அவகாசமும் அதிலேயே கேளுங்கள். பிறகு ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாகப் பதில். நான் அதிகாரியாக இருந்தபோது வந்த பதில்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: நாலு பக்கம், அதில் மூன்று பக்கம் 'நான் அல்லும் பகலும் பாடுபட்டு', தண்ணீர்த் தொட்டி கட்டியது, நன்கொடை வாங்கியது, கடைசி இரண்டு வரியில்தான் குற்றச்சாட்டுக்குப் பதில். விசாரணை அதிகாரி தேடுவது அந்த இரண்டு வரியை. இன்னும் சிலர் பயத்தில் 'இனி இவ்வாறு நடக்காது' என்று முடிப்பார்கள். செய்யாத தப்புக்கு அப்படி எழுதினால் ஒப்புக்கொண்டதாகத்தான் படிப்பார்கள்.

கோப்புக்குக் காகிதத்தில் பதில். மனசுக்கு அங்கே பதில் கிடைக்காது, அதற்கு வகுப்பறைக்குத்தான் போக வேண்டும். ரிசல்ட் குறைந்த ஒரு வருடம் எனக்கும் மெமோ கொடுத்து, எழுமலைக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போட்டார்கள். புதுப் பள்ளியில் போனதும் ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலை நான் எடுத்துக்கொண்டேன். சக ஆசிரியர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள், ஹெச்.எம். எதற்கு இத்தனை பீரியட் எடுக்கிறார் என்று. தினமும் காலையில் முதல் பீரியட், கரும்பலகையில் வரைபடம் போட்டு வைகை எங்கே புறப்பட்டு எங்கே சேர்கிறது என்று கேட்டால் பின் பெஞ்சுப் பையன் ஒருத்தன் எழுந்து, 'வைகையில் தண்ணி எங்க சார் போகுது' என்பான். அந்த நாற்பது நிமிடம் நான் மெமோ வாங்கிய ஆள் இல்லை, வாத்தியார். இருக்கை ஏற ஏறப் பாடம் நடத்துவதை முழுக்க விட்டவர்கள்தான் அடி விழுந்தால் எழுந்திருக்க ரொம்ப நாள் எடுக்கிறார்கள் என்பது நான் பார்த்த வரையில். அவர்களுக்கு நாற்காலியைத் தவிர வேறு ஒன்றும் மிச்சமிருக்காது.

திருமங்கலத்திலிருந்து ஒரு சகோதரி: அண்ணா, என் வீட்டுக்காரர் ஹெச்.எம்., சஸ்பெண்டாகி இரண்டு மாதம் ஆகிறது. டீக்கடைக்குக்கூடப் போவதில்லை. என் அண்ணன் மகள் கல்யாணத்துக்கும் வரவில்லை. 'ஊர் என்ன பேசும்' என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

அம்மா, முதலில் பணத்தைப் பார்ப்போம். பிழைப்பூதியம் தொடக்கத்தில் பாதிச் சம்பளம் வரும். வேறு வேலை எதிலும் இல்லை என்று மாதாமாதம் சான்று எழுதிக் கொடுத்தால்தான் சம்பளப் பட்டியல் போடுவார்கள், அவர் வெட்கப்பட்டு ஆபீசுக்குப் போகாமல் இருந்தால் அதுவும் நின்றுவிடும். இன்னொன்று, குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்காமல் மூன்று மாதத்துக்கு மேல் சஸ்பென்ஷனில் வைக்கக் கூடாது என்று 2015இல் அஜய் குமார் சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் தானாக ரத்தாகிவிடும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். மனு கொடுத்துக் கேட்க வேண்டும், தேவைப்பட்டால் கோர்ட்டுக்கும் போகலாம், ஒத்தக்கடை தாண்டிக்கூடப் போக வேண்டியதில்லை, உயர் நீதிமன்றக் கிளை 2004-லிருந்து மதுரை மேலூர் ரோட்டிலேயே இருக்கிறது.

ஊர்ப் பேச்சு. 2003 ஜூலையில் வேலைநிறுத்தத்தில் ஏறக்குறைய 1.7 லட்சம் அரசு ஊழியர், ஆசிரியர்களை ஒரே அடியாக வேலையை விட்டு நீக்கினார்கள். தெருவுக்கு இரண்டு வாத்தியார் வீட்டில் உட்கார்ந்திருந்தார். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், பெரும்பாலோர் மறுபடி வேலைக்கு வந்தார்கள். அன்றைக்கு யாருக்கும் வெட்கம் இல்லை, ஏனென்றால் ஊரே சேர்ந்து வாங்கிய அடி. உங்கள் வீட்டுக்காரர் தனியாக வாங்கியிருக்கிறார், அதனால்தான் இவ்வளவு வலி. அவருக்கு அறிவுரை சொல்ல ஆள் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே சஸ்பெண்டாகித் திரும்பி வந்த ஒருவரை, பழைய ஹெச்.எம். யாராவது இருப்பார், சாயங்காலம் சும்மா வந்து உட்காரச் சொல்லுங்கள்.

'இருந்து என்ன பிரயோஜனம்' என்கிற மாதிரி ஒரு தடவை பேசினாலும் காத்திருக்க வேண்டாம். மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, கூட்டிக்கொண்டு போங்கள். நடு ராத்திரி என்றால் 14416, டெலி மானஸ், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசுவார்கள்.

தே.கல்லுப்பட்டி, நடுநிலைப் பள்ளி பட்டதாரி ஆசிரியர்: ஹெச்.எம். பதவி உயர்வுப் பேனலில் பெயர் வரும் என்று இருந்தேன். டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) கட்டாயம் என்ற தீர்ப்பு வந்து அது நின்றுவிட்டது. எனக்கு இன்னும் ஒன்பது வருடம் சர்வீஸ். இந்த வயதில் என் மகள் எழுதுகிற பரீட்சையை நானும் எழுத வேண்டுமா?

கோபம் நியாயம்தான். நீங்கள் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தத் தேர்வே இல்லை. ஆனால் உச்ச நீதிமன்றத்தின் 2025 செப்டம்பர் 1 தீர்ப்பு தெளிவாக இருக்கிறது: ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருடத்துக்குள் தேற வேண்டும், ஐந்துக்குள் இருப்பவர்கள் வேலையில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு வேண்டுமென்றால் அவர்களும் தேறியாக வேண்டும். சட்டத்தில் மாறுமா என்று பார்ப்பதைச் சங்கத்திடம் விடுங்கள், நீங்கள் படிக்கத் தொடங்குங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கட்டும், ஒன்றுக்காக இன்னொன்று காத்திருக்கக் கூடாது.

டெட் இரண்டாம் தாளில் 150 கேள்வி. உங்கள் பாடத்தில் 60, தமிழ் 30, ஆங்கிலம் 30, குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறையும் 30. தப்பான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். அனுபவசாலிகள் கடைசி முப்பதில்தான் வழுக்குவார்கள், 'பிள்ளைகளைப் பற்றி எனக்குத் தெரியாததா' என்று குழந்தை உளவியல் அறிஞர் பியாஜேவைத் திறந்தே பார்க்க மாட்டார்கள். மகளோடு உட்கார்ந்தே படியுங்கள். அவளை உங்களுக்கு டெஸ்ட் வைக்கச் சொல்லுங்கள்.

கொட்டாம்பட்டிப் பக்கம்: என்னிடம் வேலை பழகிய ஜூனியர் இப்போது எனக்கு மேலதிகாரி. எப்படிக் கூப்பிடுவது?

'சார்'. நாற்காலிக்குச் சொல்வது. அவர் தனியாக இருக்கும்போது 'அண்ணே' என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள், சொல்லாவிட்டால் எதிர்பார்க்காதீர்கள். பழைய கதையைப் பியூன் முன்னால் எடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

பெயர் வேண்டாம் என்றவர்: உங்களுக்கு முழு பென்ஷன் வருகிறது, தைரியமாகப் பேசலாம். 2003 ஏப்ரலுக்கு அப்புறம் சேர்ந்த எங்களுக்கு அந்தப் பழைய பென்ஷன் திட்டம் இல்லை.

உண்மைதான். என் தைரியத்தில் பாதி அந்தப் பென்ஷன். அதனால்தான் யாரிடமும் 'ராஜினாமா செய்துவிட்டு வா, பார்த்துக்கொள்ளலாம்' என்று நான் சொல்வதில்லை.

அலங்காநல்லூர்: இந்த மாதிரி நேரத்தில் படிக்க ஏதாவது புத்தகம்?

புத்தகம் எதுவும் தோன்றவில்லை தம்பி. வடக்கு வெளி வீதியில் சேதுபதி பள்ளி பக்கம் போனால் ஒரு நிமிடம் நில்லுங்கள். 1904இல் பாரதி அங்கே தற்காலிகத் தமிழாசிரியர், சில மாதம்தான், அதே வருடம் சென்னைக்கு சுதேசமித்திரன் பத்திரிகைக்குப் போய்விட்டார். 'பார், அவர் உயர்ந்துவிட்டார்' என்று சொல்ல வரவில்லை, அவர் பட்ட கஷ்டம் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அந்தக் கட்டடத்தைப் பார்த்தால் ஏனோ நன்றாக இருக்கும்.

மதுரை, தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளி முன்னாள் பிரின்சிபால்: நடு வருடத்தில் கரஸ்பாண்டன்ட் (தாளாளர்) கூப்பிட்டு 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்றார். எட்டு வருடம் உழைத்தேன். அடுத்த இன்டர்வியூவில் என்ன சொல்வது?

'நிர்வாகத்துக்கும் எனக்கும் கருத்து ஒத்துவரவில்லை, வெளியே வந்தேன்', அவ்வளவே. மூன்றாவது வாக்கியம் தொடங்கினால் பழைய நிர்வாகத்தைத் திட்டத் தொடங்கிவிடுவீர்கள். மதுரையில் கரஸ்பாண்டன்ட்கள் எல்லோரும் ஒரே கல்யாணத்தில் ஒரே பந்தியில் சாப்பிடுகிறவர்கள், சாயங்காலத்துக்குள் பேச்சு போய்ச் சேரும். கேட்க வேண்டியதை நீங்கள் கேளுங்கள்: வாரத்தில் சில பீரியட் நான் பாடம் எடுக்கலாமா என்று. முகம் சுளிக்கிற நிர்வாகம் என்றால் யோசியுங்கள். பிரின்சிபால் இடம் உடனே அமையாவிட்டால் பி.ஜி. டீச்சராகச் சேருவதிலும் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை, ஜூனில் வகுப்பு தொடங்கும்போது நீங்கள் வீட்டில் இருக்கக் கூடாது.

எட்டு வருடம் என்றீர்கள். கிராஜுவிட்டி (பணிக்கொடை) கேட்டீர்களா? ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் தனியார் பள்ளி ஆசிரியருக்கும் உண்டு. 2009 சட்டத்திருத்தம் அதை 1997 ஏப்ரல் 3-லிருந்து செல்லும்படி ஆக்கியது, 2022இல் உச்ச நீதிமன்றமும் அது சரிதான் என்றது. பல பள்ளிகள் கேட்டால்தான் கொடுப்பார்கள். சர்வீஸ் சர்டிபிகேட், பி.எஃப். விவரம், கடைசி மாதச் சம்பளச் சீட்டு மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, கிராஜுவிட்டி கேட்டு ஸ்பீட் போஸ்டில் பதிவு செய்து, ஒப்புகையோடு ஒரு கடிதம் போடுங்கள். ஒப்புகை வந்ததும் சொல்லுங்கள், அடுத்து எங்கே போவது என்று பார்க்கலாம்.