கேளுங்க அக்கா: ஆறாவது போற புள்ளையும் பெரிய ஸ்கூல் மணியும்

(ஸ்பெஷல் டீச்சரா ரொம்ப வருஷம் வேலை பார்த்த நம்ம அக்கா, வேலூர் சுத்துவட்டாரத்துலருந்து வந்த கேள்விகளுக்கு பதில் சொல்றாங்க.)

கேள்வி: அக்கா, எம்புள்ளைக்கு ஆட்டிசம்னு நாலு வயசுலயே சொல்லிட்டாங்க. நல்லா பேசுவான், கணக்குல புலி, காட்பாடிலருந்து ஜோலார்பேட்டை வரைக்கும் எல்லா ஸ்டேஷனையும் வரிசையா ஒப்பிப்பான். அஞ்சாவது வரைக்கும் எங்க ஊர் யூனியன் ஸ்கூல், மொத்தமே 40 பசங்க, டீச்சருக்கு இவனை அத்துப்படி. ஜூன்ல ஆறாவதுக்கு டவுன்ல பெரிய ஸ்கூலு. கெங்கையம்மன் சிரசு திருவிழா மேளத்துக்கே கட்டிலுக்கு அடியில பூந்துக்கறவன், அவ்ளோ பசங்க கத்தற இடத்துல எப்படி இருப்பான்? ஒரு தனியார் ஸ்கூல்ல கேட்டதுக்கு "மத்த புள்ளைங்க படிப்பு கெடும்"னு திருப்பி அனுப்பிட்டாங்க. மாமியார் "இன்னாத்துக்கு அலையறே, வூட்லயே வெச்சிக்கோ"ன்றாங்க. (ஒரு அம்மா, குடியாத்தம் பக்கம்)

பதில்: முதல்ல அந்த ஸ்கூல் விஷயத்தை முடிச்சிடறேன் தங்கச்சி, இல்லன்னா எனக்கு கோவம் அடங்காது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்கற 21 வகையில ஆட்டிசமும் ஒண்ணு, குறைபாட்டைக் காட்டி சீட்டு இல்லன்னு சொல்லக்கூடாதுன்னு அதே சட்டத்துல இருக்கு. மாற்றுத்திறனாளி சர்ட்டிஃபிகேட்ல குறைபாடு 40 சதவீதமோ அதுக்கு மேலயோன்னு போட்டிருந்தா 6 வயசுலருந்து 18 வரைக்கும் பக்கத்து ஸ்கூல்ல இலவசமா படிக்கற உரிமையும் உண்டு. யுடிஐடி கார்டு, அதான் மாற்றுத்திறனாளிகளுக்கு அரசாங்கம் குடுக்கற அடையாள அட்டை, இன்னும் வாங்கலன்னா இந்த லீவுலயே அப்ளை பண்ணிடுங்க. உங்க வட்டார வள மையத்துல (ஸ்கூல்களுக்கு உதவற கல்வித்துறை ஆபீஸ்) இந்த மாதிரி புள்ளைங்களுக்குன்னே சிறப்புப் பயிற்றுநர்னு ஒருத்தர் இருப்பாங்க, அவங்களைப் போய்ப் பாருங்க, ஹெட்மாஸ்டர்கிட்ட நீங்க தனியா போய் நிக்கறதுக்கும் அவங்களோட போறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு.

இப்ப பையன் விஷயம். எல்லாரும் ஆறாவது பாடம் கஷ்டமா இருக்குமோன்னு பயப்படறாங்க, நான் பார்த்த வரைக்கும் இந்தப் புள்ளைங்க பாடத்துல தடுக்கி விழறதில்ல, மணி அடிக்கறதுல, பிரேயர் மைக்குல, பீரியடுக்கு ஒரு டீச்சர் மாறறதுல, பாத்ரூம் எங்க இருக்குன்னு தெரியாததுல, சத்துணவு வரிசையில தள்ளுமுள்ளுல தான் விழறாங்க. அதுலயும் கிளாஸை விட இன்டர்வெல் மோசம். கிளாஸ்ல என்ன நடக்கும்னு தெரியும், இன்டர்வெல்ல எவன் எங்கருந்து ஓடி வந்து இடிப்பான்னு யாருக்கு தெரியும்?

பல வருஷம் முன்னாடி ஒரு பையன், அவனும் உங்க புள்ளை மாதிரி தான். சின்ன ஸ்கூல்ல தண்டவாளத் துண்டைத் தொங்க விட்டு தட்டுவாங்க, அது அவனுக்குப் பழக்கம், பெரிய ஸ்கூல்ல கரண்டு மணி. மே மாசம், வேலூர் வெயில் உங்களுக்கு சொல்லணுமா, ஆள் இல்லாத ஸ்கூலுக்கு அவனைக் கூட்டிட்டுப் போனோம். வாட்ச்மேன் அண்ணன் ஸ்விட்சைக் காட்டி "நீயே அடிடா"ன்னாரு. ஒரு கையால காதைப் பொத்திக்கிட்டு, இன்னொரு கை விரலால லேசா தொட்டுட்டு ஓடி வந்துட்டான். மறுபடி போனான், மறுபடி ஓடி வந்தான். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ ரெண்டு கையும் கீழ இருந்தது, சத்தம் அவன் கையில இருக்குன்னு ஆனப்புறம் பயம் போச்சு. ஜூன்ல மணி அடிக்கறப்ப மத்த பசங்ககிட்ட "இது நான் அடிச்சது"ன்னு பெருமை வேற.

அதனால லீவுல மூணு நாலு தடவை கூட்டிட்டுப் போங்க, கேட்டு, கிளாஸு, பாத்ரூமு, தண்ணிக் குழாய் எல்லாம் போட்டோ எடுத்து வீட்ல திரும்பத் திரும்பப் பாக்கட்டும். பஸ்ஸுல போறதா இருந்தா அதே டைம் பஸ்ஸுல போய்ப் பழகுங்க. புது யூனிஃபார்ம் கஞ்சி மொடமொடப்போட உடம்புல பட்டா இவங்களுக்கு தாங்காது, நாலஞ்சு தடவை துவைச்சு, கழுத்துல இருக்கற லேபிளை வெட்டிட்டுப் போட்டு விடுங்க. டைம் டேபிளை உங்க புள்ளைக்குன்னு ரயிலா வரைஞ்சு குடுங்களேன், முதல் பீரியட் காட்பாடி, அப்புறம் லத்தேரி, இன்டர்வெல் குடியாத்தம், சாப்பாடு ஆம்பூர் (அதை மறக்கவே மாட்டான்), வீட்டு மணி ஜோலார்பேட்டை.

கிளாஸ் டீச்சருக்கு ஒரே ஒரு பக்கம் லெட்டர் எழுதிக் குடுங்க. டாக்டர் ரிப்போர்ட்டை அப்புறம் வெச்சிக்கலாம், அதை யாரும் முழுசா படிக்க மாட்டாங்க. "கண்ணைப் பாத்து பேசலன்னா திமிருன்னு நினைக்காதீங்க. சொல்றதை சொன்னபடியே எடுத்துப்பான். என்ன மாறப்போகுதுன்னு முன்னாடியே சொல்லிட்டா போதும். ரொம்ப முடியலன்னா இந்த அட்டையைக் காட்டுவான், அஞ்சு நிமிஷம் வராண்டாவுல நிக்க விடுங்க." இவ்வளவு தான். அந்த "சொன்னபடியே" ரொம்ப முக்கியம். ஒரு சார் "என்னடா, காது குத்தறியா?"ன்னு கேட்டதுக்கு நான் சொன்னேனே அதே பையன் "கோயில்ல குத்தியாச்சு சார்"னுட்டான். கிளாஸே சிரிச்சுது, சாருக்கு கோவம், இவனுக்கு எதுக்கு முட்டி போடறோம்னே தெரியல.

இன்னொண்ணு, முதல் மாசம் ஸ்கூல்ல சமத்தா இருந்துட்டு வீட்டுக்கு வந்ததும் பையைத் தூக்கி அடிப்பான், அழுவான். டீச்சர் "இங்க நல்லா தானே இருக்கான்"னு சொல்லுவாங்க. நாள் பூரா அடக்கிக்கிட்டு இருந்தது வீட்ல வெடிக்குது. அந்த நேரத்துல ஹோம்வொர்க் கேக்காதீங்க, ஒரு மணி நேரம் சும்மா விடுங்க. மாசம் தாண்டியும் தூக்கம் வரல, சாப்பிடலன்னா காட்ட வேண்டியது தான், பாகாயத்துல சிஎம்சி மனநல மையத்துல குழந்தைகளுக்குத் தனிப் பிரிவே இருக்கு.

கேள்வி: என் கிளாஸ்ல 60 பேர். ஒருத்தனுக்காக தனியா எப்படி மேடம் மெனக்கெடறது? (ஒரு ஆசிரியர், சத்துவாச்சாரி)

பதில்: உங்க கஷ்டம் புரியுது சார், தனியா எதுவும் வேணாம். போர்டு மூலையில இன்னிக்கு நடத்தப் போறதை மூணு வரியில எழுதிடுங்க, 60 பேருக்கும் உதவும். வாசல் பக்கம் உக்கார வைக்காம, ஃபேன் கடகடங்கற இடத்தை விட்டு, சுவர் ஓரமா ஒரே இடம் குடுங்க, மாத்தாதீங்க. பத்தாவது பொதுத்தேர்வுல கூடுதலா ஒரு மணி நேரம், சொல்றதை எழுத ஆள், மொழிப்பாட விலக்குன்னு சலுகை இருக்கு, ஆனா கடைசி நேரத்துல பேப்பர் தேடி அலையறவங்க தான் ஜாஸ்தி. மருத்துவச் சான்றை எட்டாவதுலயே அம்மா அப்பாவை வாங்கி வெக்கச் சொல்லுங்க.

கேள்வி: பேத்திக்கு ஆட்டிசம்னு சொல்றாங்க. தறி சத்தத்துக்குப் பக்கத்துலயே தூங்கறா, மிக்ஸி போட்டா மட்டும் கத்தறா. நடிக்கறாளா? நாலு போட்டா சரியாவாளா? (ஒரு தாத்தா, ஆரணி)

பதில்: ஐயா, அடிக்காதீங்க, அவ நடிக்கல. தறி ஒரே தாளமா அடிக்குது, அடுத்த அடி எப்ப விழும்னு அவளுக்குத் தெரியும். மிக்ஸி சொல்லாம கொள்ளாம கத்துது. நாளைக்கு சட்னி அரைக்கறதுக்கு முன்னாடி "மிக்ஸி போடறோம் கண்ணு"ன்னு சொல்லிட்டு, ஸ்விட்சை அவளையே போடச் சொல்லிப் பாருங்க, எப்படி இருந்தான்னு எனக்கு ஒரு கார்டு போடுங்க.